வரிசையில் இல்லாதவர்

மென்பொருள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது பெரிதாக உடைந்துபோனால், அதைச் சரிசெய்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதுவோம். அதற்குப் பெயரே போஸ்ட்மார்ட்டம்தான். யாரும் செத்திருக்க மாட்டார்கள் என்பதால் அந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறோம். முதல் விதி, யார் மேலும் பழி போடக் கூடாது. 'யார் செய்தது' என்று கேட்காதே, 'எது இதை அனுமதித்தது' என்று கேள். பத்து வருஷமாக இப்படி எழுதி எழுதி எனக்கு இது கிட்டத்தட்ட ஒரு அறமாகவே ஆகிவிட்டது. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பின் அமைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அறத்தை ஆட்டிவைத்த ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மேரி ஜேன் லோகன் மெக்கல்லம், அடேல் பெர்ரி என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் சேர்ந்து எழுதிய 'ஸ்ட்ரக்சர்ஸ் ஆஃப் இன்டிஃபரன்ஸ்'. 2018-ல் மானிடோபா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. மெக்கல்லம் மன்சி டெலவேர் பூர்வகுடியைச் சேர்ந்தவர். சின்னப் புத்தகம்தான், ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். நானும் முடித்தேன். அப்புறம் மூன்று வாரம் வேறு எதையும் படிக்க ஓடவில்லை.

நடந்தது இது. 2008 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை பிற்பகல். கனடாவின் வினிபெக் நகரில், மானிடோபா மாகாணத்தின் மிகப் பெரிய மருத்துவமனையான ஹெல்த் சயன்சஸ் சென்டரின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பிரையன் சின்க்ளேர் சக்கர நாற்காலியில் வருகிறார். வயது 45. அனிஷினாபே இனத்தவர். முந்தைய ஆண்டுதான் உறைபனியில் இரண்டு கால்களையும் இழந்திருந்தார். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் ஒரு சமூக சுகாதார நிலையத்துக்குப் போக, அங்கே பார்த்த மருத்துவர் கடிதம் கொடுத்து இங்கே அனுப்பியிருக்கிறார். கண்காணிப்புக் கேமராவில் அவர் வருவது தெரிகிறது. நோயாளிகளை வகைப்படுத்தும் மேசைக்குப் போகிறார். உதவியாளர் ஒருவர் அவரோடு பேசி, ஒரு தாளில் எதையோ குறித்துக்கொள்கிறார். சின்க்ளேர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய்க் காத்திருக்கிறார்.

34 மணி நேரம்.

இடையில் வாந்தி எடுக்கிறார். துடைக்கிறார்கள். காத்திருக்கும் மற்ற நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் இந்த ஆளைக் கொஞ்சம் பாருங்கள் என்று ஊழியர்களிடம் போய்ச் சொல்கிறார்கள். ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஒருவழியாக அவரை யாரோ தொட்டுப் பார்க்கும்போது உடல் விறைத்துப்போயிருந்தது. அதாவது அவர் இறந்தே பல மணி நேரம் ஆகியிருந்தது. குழாயை மாற்றி, ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய பிரச்சினை. ஊழியர்களில் சிலர் அவர் குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். சிலர் வீடில்லாதவர், ஒதுங்க இடம் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். வேறு சிலர், ஏற்கெனவே பார்த்து அனுப்பப்பட்டவர் என்று நினைத்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்குள் இருக்கும் இன்ஜினியர் உடனே எழுந்து உட்கார்ந்தான். நான் ஒரு காலத்தில் மருத்துவமனை வரிசைக்கான மென்பொருளில் வேலை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு நோயாளி எப்போது 'பிறக்கிறார்' என்றால், அவர் பெயரைப் பதிவு செய்யும் கணத்தில். அதற்கு முன்னால் அவர் அந்த உலகத்தில் கிடையாது. பதிவானவர் ரொம்ப நேரம் காத்திருந்தால் திரையில் அவர் பெயர் மஞ்சளாகும், அப்புறம் சிவப்பாகும். பதிவாகாதவர் பெயர் எந்த நிறமும் ஆகாது. சின்க்ளேரின் பெயர் கணினிக்குள் போகவே இல்லை. தாளில் எழுதியதோடு சரி. ஆக, தாளிலிருந்து கணினிக்குப் போகும் இடத்தில் ஓட்டை. அதை அடைத்துவிட்டால் தீர்ந்தது. ஒயிட்போர்டில் பத்து நிமிஷத்தில் வரைந்துகாட்டிவிடுவேன்.

பிரச்சினை என்னவென்றால், அரசு நடத்திய மரண விசாரணையும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. விசாரணை 2013-ல் தொடங்கியது. நீதிபதி டிமதி பிரெஸ்டனின் அறிக்கை 2014 டிசம்பரில் வந்தது. தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று அது ஒப்புக்கொள்கிறது. 63 பரிந்துரைகள். நோயாளிகளின் நகர்வு, படுக்கைகள் காலியாவதில் தாமதம், வரவேற்புப் பகுதியின் அமைப்பு என்று போகிறது. எதுவும் தவறான பரிந்துரை இல்லை. ஆனால் பூர்வகுடி மக்கள் மருத்துவமனைகளில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்விக்குள் இந்த விசாரணை இறங்கப்போவதில்லை என்று தெரிந்ததும், 2014 தொடக்கத்திலேயே சின்க்ளேரின் குடும்பம் அதிலிருந்து விலகிவிட்டது. பூர்வகுடி அமைப்புகளும் விலகின.

மெக்கல்லமும் பெர்ரியும் பேனாவை வைக்கும் இடம் இதுதான். விசாரணை கேட்டது, 'அந்த 34 மணி நேரத்தில் என்ன தப்பாகப் போனது?' இவர்கள் கேட்பது, 'அந்த 34 மணி நேரத்துக்கு முந்தைய 137 வருஷத்தில் என்ன நடந்தது?' 137 என்பது என் கணக்கு. 1871-ல் பிரிட்டிஷ் அரசியின் பெயரில் கனடா அரசு அந்தப் பகுதிப் பூர்வகுடிகளோடு முதலாம் உடன்படிக்கை போடுகிறது. 1872-ல் இந்த மருத்துவமனையின் முன்னோடியான வினிபெக் பொது மருத்துவமனை வருகிறது. 1873-ல் வினிபெக் நகரமாகிறது. நிலம், ஆஸ்பத்திரி, நகராட்சி என்று வருஷத்துக்கு ஒன்று. இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆஸ்பத்திரி என்பது தவறிப்போய் ஒருநாள் பாரபட்சம் நுழைந்துவிட்ட நடுநிலையான இடம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கும்.

புத்தகத்தின் கட்டுமானமே இதுதான். முதலில் நகரம், அப்புறம் மருத்துவமனை, கடைசியில்தான் அந்த மனிதர். தொலைவிலிருந்து கேமரா மெல்ல நெருங்குவதுபோல. நகரத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போது பெர்ரியின் இன்னொரு புத்தகமும் கூடவே ஞாபகம் வருகிறது. வினிபெக் 1919-லிருந்து ஷோல் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறது. கிட்டத்தட்ட நூறு மைல் நீளமுள்ள ஒரு கால்வாய் அந்தத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அந்தக் கால்வாய் வேலையால் தீவாகத் துண்டிக்கப்பட்ட ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடி ஊரில், 1997 முதல் 2021 வரை குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. ஏரி அவர்களுடையது. வினிபெக்கில் இரண்டு வருஷம் நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். நல்ல தண்ணீர். சென்னையில் கேன் தூக்கி வளர்ந்தவனுக்குக் குழாயைத் திறந்து அப்படியே குடிப்பது ஒரு அதிசயம். எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மருத்துவமனைப் பகுதிதான் புத்தகத்தின் கனமான பகுதி என்று நினைக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கனடாவில் 'இந்தியன் ஹாஸ்பிட்டல்' என்றே தனியாக இருந்தது. பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட, பணமும் ஆளும் குறைந்த மருத்துவமனைகள். காசநோய் என்று பிடித்துக்கொண்டு போய் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து இனுயிட் மக்களைக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுவந்தார்கள். திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கு எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சில நேரம் சொல்லவில்லை. ஒரு சமூகத்துக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி இந்த ஞாபகம் இருக்கிறது. அந்தச் சமூகத்தைப் பற்றி ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஞாபகம் இருக்கிறது, அது யாரும் எழுதிவைக்காத ஞாபகம். இரண்டும் 2008-ல் ஒரு காத்திருப்பு அறையில் சந்தித்துக்கொண்டன.

இங்கே எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. தலைப்பில் இருக்கும் 'இன்டிஃபரன்ஸ்' என்ற சொல்லோடு. தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அலட்சியம் என்றால் கொஞ்சம் திமிர் கலந்துவிடுகிறது. பொருட்படுத்தாமை சரிதான், ஆனால் அலுவலக வாடை. பாராமுகம் என்று நமக்கு ஒரு அருமையான சொல் இருக்கிறது. கடவுளிடமும் காதலரிடமும் முறையிடும்போது வரும் சொல், பார்க்க வேண்டியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஒரு நாள் முழுக்க அந்தச் சொல்லில் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த அறையில் யாருமே முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்தார்கள். வாந்தியைத் துடைத்திருக்கிறார்கள், எப்படிப் பார்க்காமல் இருந்திருப்பார்கள்? பார்த்து, வாசித்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். பூர்வகுடி முகம், சக்கர நாற்காலி, சரிந்த தலை, ஆகவே குடி. இதற்குப் பெயர் அக்கறையின்மை இல்லை. இது ஒரு நோய்க்கணிப்பு. தொடாமல், கேட்காமல், நாடி பிடிக்காமல் சொன்ன நோய்க்கணிப்பு. ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் எழுதியிருப்பதே இதைத்தான். ஆனால் 'இன்டிஃபரன்ஸ்' என்ற சொல் அந்த முடிவெடுக்கும் செயலைக் கொஞ்சம் மழுக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். அக்கறை இல்லாதவன் ஒன்றும் செய்வதில்லை. இங்கே ஒன்று செய்யப்பட்டிருக்கிறது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 'குடியேற்றக் காலனியம்' என்ற சொல் சில பக்கங்களில் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி விழுகிறது. ஆதாரங்களே இவ்வளவு அழுத்தமாகப் பேசும்போது அதன் மேல் முத்திரை குத்த வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம், மனிதர் கடைசியில் வருகிறார் என்பது. முதல் வாசிப்பில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏற்கெனவே 34 மணி நேரம் காத்திருந்தவரை இங்கேயும் காத்திருக்க வைக்க வேண்டுமா? இரண்டாம் வாசிப்பில் எரிச்சல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

என் கதைக்கு வருகிறேன். வினிபெக்கில் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை, என்னை விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்த ஒரு ஈழத்து அண்ணா சொன்னது. தங்கமான மனிதர். முதல் ஒரு மாதம் என்னை அவர் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டார். சாமான்களை இறக்கும்போது சொன்னார், "தம்பி, மெயின் ஸ்ட்ரீட் பக்கம் இரவில போகாதேங்கோ. நேட்டிவ் ஆக்கள் குடிச்சுப்போட்டுக் கிடப்பினம்." நான் ஏன், யார், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. வங்கிக் கணக்கு எங்கே திறக்க வேண்டும், எந்தக் கடையில் அரிசி மலிவு என்பதோடு சேர்த்து அதையும் மனதில் எழுதிக்கொண்டேன். அந்த அண்ணாவுக்கு அதை வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். ஒரு நாட்டுக்குள் வந்து இறங்கிய அன்றே, அந்த நாட்டின் மிகப் பழைய பொய் ஒன்று நம் கையில் நம் மொழியிலேயே கொடுக்கப்படுகிறது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் சாய்ந்து கிடந்தார். மைனஸ் இருபதுக்குக் கீழே. நான்கைந்து பேர் வெளியே குளிரில் நின்றுகொண்டிருந்தோம், உள்ளே போகாமல். நானும் நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன். ஓட்டுநரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. குடித்திருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். குடித்திருந்தாலும் மைனஸ் இருபது மைனஸ் இருபதுதான். சின்க்ளேரின் கால்களைக் கொண்டுபோனதும் அந்த ஊர்க் குளிர்தான்.

எனவே விசாரணை அறிக்கையில் ஒரு பெயரைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. மானிடோபாவின் அன்றைய தலைமை மருத்துவப் பரிசோதகர், தம்பிராஜா பாலச்சந்திரா. பெயரைப் பார்த்தால் நம் ஆள். சின்க்ளேரின் மரணத்தில் இனவெறிக்குப் பங்கில்லை என்பது அவருடைய சாட்சியம். ஸ்னோ ஒயிட்டே அதே நிலையில் அங்கே வந்திருந்தாலும் அவளுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும் என்ற பொருளில் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் பேசியது என் மொழியைத்தான். யார் வந்தாலும் அமைப்பு இதையே செய்திருக்கும், ஆகவே குறை அமைப்பில்தான். பழி போடாத போஸ்ட்மார்ட்டம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்தைப் பாருங்கள். பெயரிலேயே வெண்மை வைத்திருக்கும் பெண். அந்த அறைக்குள் அவள் வந்து தலை சரிந்து உட்கார்ந்திருந்தால் யாருக்காவது 'குடித்திருக்கிறாள்' என்று தோன்றியிருக்குமா? தூங்குகிறாள் என்று தோன்றியிருக்கலாம். எழுப்பியிருப்பார்கள். அவள் கதையே அதுதானே.

இந்த நகரத்தை வெள்ளையர், பூர்வகுடி என்று இரண்டாகப் பிரித்துப் பேசும்போது, இடையில் நிற்கும் எங்களைப் போன்றவர்களைப் பற்றி எனக்கு இன்னும் நிறைய வேண்டியிருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நர்ஸாக, காவலாளியாக, துப்புரவுப் பணியாளராக, மருத்துவராக வேலை செய்பவர்களில் எத்தனை பேர் என்னைப்போல் விமானத்தில் வந்து இறங்கியவர்கள்! நமக்கும் அங்கே பாரபட்சம் நடக்கிறது, அது உண்மை. அதனாலேயே நாம் இதில் சேர்த்தி இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். 2021 முதல் கனடியக் குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகளை மதிப்பேன் என்ற வாசகம் சேர்ந்திருக்கிறது. வாயால் சொல்கிறோம். அந்த வாசகத்துக்குள் ஒரு காத்திருப்பு அறையும் இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை.

2008-ஐத் தாண்டியும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சின்க்ளேர் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே செப்டம்பரில், 2020-ல், கியூபெக் மாகாணத்தின் ஜோலியட் நகர மருத்துவமனையில் ஜாய்ஸ் எச்சக்குவான் இறந்தார். அட்டிக்கமெக் இனத்தவர், 37 வயது, ஏழு பிள்ளைகளின் தாய். வயிற்று வலியோடு வந்தவர். படுக்கையிலிருந்தபடியே தன் போனில் ஃபேஸ்புக் நேரலையைத் திறந்துவிட்டார். அவரை முட்டாள் என்று ஊழியர்கள் திட்டுவதும், உன் பிள்ளைகள் உன்னை இப்படிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்பதும் அதில் பதிவானது. கொஞ்ச நேரத்தில் அவர் இறந்துவிட்டார். எந்த ஆதாரமும் இல்லாமல் அவர்மேல் போதைப் பழக்கம் என்ற முத்திரை விழுந்திருந்ததை விசாரணை பின்னால் உறுதிசெய்தது. அங்கே குடி, இங்கே போதை.

இரண்டு மரணங்களிலும் கேமரா இருந்தது. சின்க்ளேர் விஷயத்தில் கேமரா மருத்துவமனையுடையது. மேலே, சுவர் மூலையில், சத்தமில்லாமல் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதைப் பார்த்து எழுந்து வர ஆளில்லை. எச்சக்குவான் விஷயத்தில் கேமரா நோயாளியின் கையில் இருந்தது, சத்தத்தோடு. அதனால்தான் நாடு முழுக்கத் தெருவுக்கு வந்தது. மரண விசாரணை அதிகாரி கெஹான் கமெல் 2021 அறிக்கையில் இனவெறியும் முன்முடிவும் இந்த மரணத்துக்குப் பங்களித்தன என்று எழுதினார். வகை என்ற இடத்தில் 'விபத்து' என்றுதான் போட்டார், அதுவும் உண்மை. ஆனால் சொல்ல வேண்டிய சொல்லை அறிக்கைக்குள் கொண்டுவந்தார். அமைப்புரீதியான இனவெறி இருப்பதை அரசு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய பரிந்துரைகளில் ஒன்று. அன்றைய மாகாண முதல்வர் ஃபிரான்ஸுவா லெகோ அதை ஏற்கவில்லை. எச்சக்குவான் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாரா என்று செய்தியாளர்கள் கேட்டபோது, இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன் என்றார் கமெல். ஸ்னோ ஒயிட் பற்றிய பழைய சாட்சியத்துக்கு ஏழெட்டு வருஷம் கழித்து, வேறு மாகாணத்தில் வந்த பதிலாக அதை எடுத்துக்கொள்கிறேன்.

அதே 2020 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்தது. பூர்வகுடி நோயாளிகளின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கும் என்று ஊழியர்கள் பந்தயம் வைத்து விளையாடுவதாக எழுந்த புகாரை விசாரிக்கத் தொடங்கியது. அப்படி அமைப்பாக ஒரு விளையாட்டு நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதைவிடப் பரவலான ஒன்று கிடைத்தது. பதிலளித்த பூர்வகுடியினரில் 84 சதவீதம் பேர் சிகிச்சையின்போது ஏதோ ஒரு விதத்தில் பாரபட்சத்தைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அந்த அறிக்கையின் தலைப்பு 'கண்ணெதிரே' என்ற பொருள் தருவது. சின்க்ளேருக்காக அமைந்த பணிக்குழு 2017-ல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்போ 'பார்வைக்கு அப்பால்'. ஒரே விஷயத்துக்கு நேரெதிரான இரண்டு தலைப்புகள், இரண்டும் சரி.

போஸ்ட்மார்ட்டம் எழுதும் வழக்கத்தை நான் விடவில்லை. போன மாதம்கூட ஒன்று எழுதினேன். பழி போடாதே என்ற விதி நல்ல விதிதான், அது பயந்தவனைப் பேச வைக்கும். ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனித்தேன். அறையில் இருக்கும் எல்லோரும் நல்லெண்ணத்தோடு, தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் நடந்தார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. 'தங்களுக்குத் தெரிந்தது' எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

புத்தகத்தை முடித்த பிறகு வினிபெக் அண்ணாவுக்கு போன் செய்தேன். நலம் விசாரித்தபின் சின்க்ளேர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த ஆஸ்பத்திரியிலதான் எங்கட மூத்தவள் பிறந்தவள், தம்பி," என்றார். "எங்களை நல்லாத்தான் பாத்தவை." அதுவும் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வேலை, வீட்டு விலை, ஊர் நிலவரம் என்று பேச்சு போனது. வைக்கப்போகும்போது கேட்டார், "அந்த மனுசன்ர பேர் என்ன எண்டு சொன்னனீங்கள்?"

மறுபடி சொன்னேன். பேனா எடுத்து வருகிறேன், எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ என்றார்.